மேசை ஆடுகிறதா, முதுகு வலிக்கிறதா? டிசைன் மாணவர் மேசைக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரை பழங்காநத்தத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மரப்பட்டறை இருக்கிறது. திருப்பரங்குன்றம், பசுமலை, திருநகர் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஆர்க்கிடெக்சர், இன்டீரியர், ஃபேஷன் படிக்கிற பிள்ளைகள் ஜூரிக்கு, அதாவது செய்த வேலையை வைத்து மதிப்பெண் போடும் நாளுக்கு, இரண்டு நாள் இருக்கும்போது ஓடி வருவார்கள். "அண்ணே, டேபிள் சரியில்லண்ணே, புதுசு போட எவ்வளவு ஆகும்?" இதுதான் முதல் கேள்வி. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் புது மேசையே தேவைப்படாது. எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கும், தரை மேடு பள்ளமாக இருக்கும், இல்லையென்றால் நாற்காலி உயரம் தப்பாக இருக்கும். புது மேசைக்குப் போகும் பணம் வரையும் ஷீட்டுக்கும் மாடல் செய்யும் சன்போர்டுக்கும் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: அளவு டேப், ஸ்டார் திருப்புளி, 10, 13 அளவு ஸ்பேனர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், நான்கைந்து முழம் நூல். ரசமட்டம் இல்லையென்றால் போனில் இருக்கும் லெவல் போதும். உங்கள் மேசையின் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போங்கள். காசு ஆகாத வழியை முதலில் வைத்திருக்கிறேன். சரியானதும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மேசை ஆடுகிறது

எப்படி ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். வழி அங்கேயே பிரிகிறது.

அ. மூலையை அழுத்தினால் 'டக் டக்' என்று தட்டுகிறது

எதிரெதிர் மூலைகள் மாறி மாறித் தூக்கும். இதற்குக் காரணம் தரையா, காலா என்று தெரிய வேண்டும். மேசையைக் கால்வட்டம் திருப்பிப் போடுங்கள். அப்புறம் அறையில் வேறு இடத்துக்கு நகர்த்திப் போட்டுப் பாருங்கள். இடம் மாறியதும் ஆட்டம் நின்றால் தரைதான் காரணம். எங்கே போட்டாலும் அதே இரண்டு கால் தூக்கினால் காலில்தான் குறை.

தரையில் குறை என்றால் இடத்தை மாற்றுவதே நல்ல வழி. மாற்ற முடியாவிட்டால் தூக்கும் காலுக்கு அடியில் மைக்கா துண்டு வையுங்கள். எந்த மரக்கடையிலும் வெட்டிப்போட்ட துண்டு கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். அட்டையை மடித்து வைக்காதீர்கள். தரை துடைக்கும்போது நனைந்து ஊறி, நான்கு நாளில் மறுபடி ஆடும்.

காலில் குறை என்றால் அடியில் திருகு புஷ் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய மேசைகளில் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. குட்டையான காலின் புஷ்ஷை வெளியே திருகினால் முடிந்தது. புஷ் இல்லாத மரக்கால் என்றால் நான்கு புஷ் வாங்கித் துளை போட்டு இறக்கிக்கொள்ளலாம். ஒரு காலை மட்டும் அறுத்துச் சமப்படுத்த நினைக்காதீர்கள். அடுத்த காலும் அதற்கடுத்த காலும் அறுபட்டு, மேசை இரண்டு அங்குலம் குட்டையாகிப் பட்டறைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆ. ஆடவில்லை, ஆனால் பென்சில் உருண்டு ஓடுகிறது

மொட்டை மாடி அறையில் இருப்பவர்கள் இதைச் சொல்வார்கள். மழைத்தண்ணீர் ஓடத் தளத்தில் வாட்டம் விட்டிருப்பார்கள். பிற்பாடு அதே தளத்தில் நான்கு சுவர் எழுப்பி, மேலே ஷீட் போட்டு, அறையாக வாடகைக்கு விடுவார்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் என்று வைத்துக்கொண்டாலும் 5 அடி மேசையில் ஒரு பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கிவிடும். லெவல் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்து இரண்டு கால்களையும் ஒரே அளவுக்கு உயர்த்துங்கள். ஒரு காலை மட்டும் உயர்த்தினால் மேலே 'அ'-வில் சொன்ன ஆட்டம் புதிதாகத் தொடங்கிவிடும்.

இ. அழிக்கும்போது ஊஞ்சல் மாதிரி பக்கவாட்டில் அசைகிறது

நான் அதிகம் சரிசெய்த கோளாறு இது. ரப்பர் வைத்து வேகமாக அழித்தால் மேசை முழுவதும் இடமும் வலமும் போகும், ரோட்டரிங் பேனா பிடித்த கோடு நடுங்கும்.

முதலில் எல்லா போல்ட்டையும் இறுக்குங்கள். மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து இறுக்க வேண்டும். நின்ற நிலையில் இறுக்கினால் சட்டம் கோணிய வாக்கிலேயே இறுகிப்போகும். வாஷர் இல்லாத இடத்தில் வாஷர் போடுங்கள்.

ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால் துளை அகன்றுவிட்டது என்று அர்த்தம். ஃபெவிகால் தடவிய மூங்கில் பல்குச்சிகளைத் துளை நிறையும்வரை திணித்து, ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு அதே ஸ்க்ரூவைப் போடுங்கள். பிளைவுட்டிலும் மரத்திலும் இது நன்றாகப் பிடிக்கும். துகள் பலகை (பார்ட்டிகிள் போர்டு) என்றால் ஒருமுறை தாங்கும், மறுபடி கழன்றால் ஸ்க்ரூவை ஓர் அங்குலம் தள்ளிப் போடத்தான் வேண்டும்.

இவ்வளவு செய்தும் அசைந்தால் மேசைக்குப் பின்பலகை இல்லை என்று பொருள். பின்பக்கத்து இரண்டு கால்களுக்கும் நடுவே, மேல்பலகைக்கு ஒட்டினாற்போல, ஓர் அடி அகலத்தில் 9 மி.மீ. பிளைவுட் பட்டை வைத்து ஸ்க்ரூ அடியுங்கள். ஒவ்வொரு பக்கமும் நான்கு ஸ்க்ரூ. நூறு எல் கிளாம்பு செய்யாததை இந்த ஒரு பட்டை செய்யும். இதை மாட்டிய அன்றே "அண்ணே, இது வேற டேபிளாண்ணே?" என்று கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: இரும்புச் சட்டத்தில் வெல்டிங் விரிசல் விட்டிருந்தால், மரக்காலின் கழுந்து (துளைக்குள் இறங்கும் முனை) உடைந்திருந்தால். முதலாவது வெல்டிங் பட்டறை வேலை, இரண்டாவது தச்சர் வேலை. கம்பி சுற்றிக் கட்டி வைத்தால் மாடலோடு சேர்ந்து ஒருநாள் சாயும்.

பலகை நடுவில் தொய்ந்திருக்கிறது

நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விறைப்பாகப் பிடித்து, நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 4 அடிக்கு 2, 3 மி.மீ. என்றால் கணினி வேலைக்குப் பரவாயில்லை. ஷீட் வரைபவருக்கு அது தொல்லை, ஸ்கேல் நடுவில் படியாமல் தூக்கி நிற்கும்.

நடுவில் பிரின்டரோ புத்தக அடுக்கோ இருந்தால் அதைக் காலுக்கு நேர் மேலே தள்ளி வையுங்கள். அப்புறம் பலகையைக் கழற்றிப் புரட்டிப் போடுங்கள். இரண்டு பக்கமும் மைக்கா இருந்தால் இது ஒரு காசு செலவில்லாத வைத்தியம். புரட்ட முடியாதென்றால் அடியில் நீளவாக்கில் தாங்கு கொடுங்கள். 2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பர் கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி அடிக்க வேண்டும், படுக்க வைத்து அடித்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. ஓர் அங்குல ஸ்கொயர் பைப் போட்டால் இன்னும் நல்லது.

தாங்கு கொடுத்தும் தொய்ந்தால் பலகையை மாற்றுங்கள். 12 மி.மீ. போட்ட இடத்தில் 18 மி.மீ. போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்கு அல்ல, மூன்று மடங்குக்கு மேல் கூடும். துகள் பலகை ஓரம் தண்ணீர் பட்டு ரொட்டி மாதிரி உப்பியிருந்தால் அதற்கு மருந்து இல்லை. பசையும் பட்டியும் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

கோடு கோணலாக வருகிறது

மேசையைச் சந்தேகிக்குமுன் கோடு போடும் கருவியைச் சோதியுங்கள். டி-ஸ்கொயரின் தலையில் ஆட்டம் இருக்கிறதா? பலகை ஓரத்தில் மாட்டும் மினி டிராஃப்டரின் நட்டு வழுக்குகிறதா? பேரலல் பாரின் கயிறு தொய்ந்திருக்கிறதா? பெரும்பாலும் இங்கேயே விடை கிடைக்கும்.

கருவி சரி என்றால் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். ஸ்டீல் ஸ்கேலை ஓரத்தோடு ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இடையில் வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். இப்போது விற்கும் ரெடிமேட் மேசைகள் பலவற்றில் முன் ஓரம் வழவழவென்று உருண்டையாக இருக்கிறது. கைக்குச் சுகம்தான், ஆனால் மினி டிராஃப்டரின் கிளாம்ப் அதில் ஒருநாளும் உறுதியாகப் பிடிக்காது. மேசையைச் செதுக்க வேண்டாம், மேலே ஒரு டிராயிங் போர்டு வாங்கி வையுங்கள். ஏ1 ஷீட் 841 × 594 மி.மீ., அதற்கு 1000 × 700 அளவுள்ள டி1 போர்டு. ஏ2 மட்டும் போதுமென்றால் 700 × 500 அளவுள்ள டி2. பின்பக்கத்தில் ஒரு கட்டையைக் கொடுத்துச் சாய்த்துக்கொண்டால் கழுத்துக்கும் நல்லது.

ஆடி மாதக் காற்றில் ஷீட் பறப்பதும், ஐப்பசி மழையில் பட்டர் பேப்பர் நெளிவதும் மேசைக் கோளாறு அல்ல. பறப்பதற்கு மாஸ்கிங் டேப், நெளிவதற்கு இரவில் ஷீட்டைச் சுருட்டி மூடியுள்ள குழாயில் வைப்பது. வேறு ஒன்றும் வேண்டாம்.

கழுத்து, தோள், முதுகு வலிக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வலிக்கிறது என்று வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "எந்த வேலை செய்யும்போது வலிக்குது?" என்பதுதான். டிசைன் மாணவரின் மேசை உண்மையில் மூன்று மேசை. வரைவதற்கு ஒன்று, வெட்டி ஒட்டி மாடல் செய்ய ஒன்று, கணினிக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒரே உயரம் சரிவராது.

லேப்டாப்பில் வேலை செய்யும்போது கழுத்து வலித்தால்: நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி வையுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளவெடுங்கள். மேசை அந்த உயரத்திலோ, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்தோ இருக்க வேண்டும். கடை மேசைகள் சுமார் 75 செ.மீ. உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது அதிகம். அவர் மேசையின் காலை அறுக்க வேண்டியதில்லை. நாற்காலியை உயர்த்திக்கொண்டு, தொங்கும் காலுக்கு அடியில் ஒரு பலகை போட்டால் போதும். லேப்டாப்பை நான்கைந்து தடிப் புத்தகத்தின் மேல் வைத்துத் திரையின் மேல் விளிம்பைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, தனிக் கீபோர்டும் மவுசும் இணைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் செலவு கீபோர்டு மட்டும்தான்.

ஷீட் வரையும்போது இடுப்பு வலித்தால்: ஏ1 ஷீட்டின் மேல் விளிம்பு உங்களிடமிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு அங்கே எட்டுவதற்கு முதுகு முழுவதும் வளைய வேண்டும். மேல்பாதியை எழுந்து நின்று வரையுங்கள், அல்லது போர்டைச் சாயுங்கள்.

சன்போர்டு, மவுன்ட் போர்டு வெட்டும்போது தோள் வலித்தால்: உட்கார்ந்து வெட்டுவதை நிறுத்துங்கள். வெட்டும் வேலை நின்றுகொண்டு, மேலிருந்து அழுத்திச் செய்ய வேண்டியது. அதற்கு ஏற்ற உயரம் கிட்டத்தட்ட வீட்டுச் சமையல் மேடை உயரம், 32லிருந்து 34 அங்குலம். திருநகரில் மூன்று பேர் தங்கியிருந்த ஓர் அறையில், இருந்த மேசைகளில் ஒன்றுக்கு மட்டும் நான்கு மரக்கட்டைகளைக் குடைந்து காலுறை மாதிரி மாட்டி ஐந்து அங்குலம் உயர்த்திக் கொடுத்தோம். அது மூன்று பேருக்கும் வெட்டும் மேசையானது, மற்ற இரண்டும் வரையவும் கணினிக்கும். கட்டையில் கால் அரை அங்குலமாவது உள்ளே இறங்கி உட்கார வேண்டும். வெறும் செங்கல் மேல் நிறுத்தினால் அழுத்தி வெட்டும்போது நழுவிவிடும், கையில் கத்தி இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்: விரல் மரத்துப்போனால், வலி கைக்கோ காலுக்கோ இறங்கினால், உயரத்தைச் சரிசெய்து இரண்டு வாரமாகியும் குறையாவிட்டால் தச்சரிடம் வராதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

கை நிழல் விழுகிறது, நிறம் மாறித் தெரிகிறது

வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இடக்கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்து. மேசையை 180 டிகிரி திருப்பிப் போட்டாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். ஜன்னல் கணினித் திரைக்குப் பின்னாலும் வேண்டாம், உங்கள் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். மேற்கு ஜன்னல் என்றால் சித்திரை, வைகாசியில் மாலை 4 மணி வெயில் நேராக ஷீட்டில் விழும். ஒரு டிரேசிங் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டினால் வெயில் மட்டுப்படும்.

வரைபட வேலைக்கு 750 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது வழக்கமான அளவு. அறை நடுவில் இருக்கும் ஒற்றை டியூப்லைட் சுவரோர மேசைக்கு இதில் பாதிகூடத் தராது. ஆகவே கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்று அவசியம். ராத்திரி தீட்டிய வண்ணம் காலையில் வேறாகத் தெரிந்தால் பல்பின் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள், நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்வது அதுதான். 90க்கு மேல் இருப்பதாக வாங்குங்கள். ஃபேஷன் பிள்ளைகள் துணி நிறம் பொருத்துவதை மட்டும் பகல் வெளிச்சத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.

லேப்டாப்பில் கை வைத்தால் சுரீர் என்கிறது

சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிறதா? நின்றால் எர்த் சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயர் இரண்டு இழைதானா? அவற்றை மாற்றிப் பாருங்கள். வேறு வீட்டில் அதே சார்ஜர் சுரீர் என்காமல், உங்கள் அறையில் மட்டும் அப்படி இருந்தால் சுவர் பிளக்கிலேயே எர்த் இல்லை.

இங்கே உங்கள் வேலை முடிந்தது. பிளக்பாயின்டைத் திறக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். இரும்புச் சட்ட மேசையும் லேசாகச் சுரீர் என்றால் ஒரு மணி நேரமும் தள்ளிப்போட வேண்டாம், மெயினை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, 6 ஆம்பியர் பிளக் 230 வோல்டில் தாங்குவது 1380 வாட்தான். அயர்ன் பாக்ஸ் மட்டுமே 1000 வாட் இழுக்கும். அதோடு சேர்த்து ஹேர் டிரையர் போட்டு மாடலைக் காயவைத்தால் பிளக் கருகும். கருகிய வாடை வந்த பாக்ஸைத் துடைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

மேல்தளம் வெட்டுப்பட்டு, பசை அப்பி, மைக்கா தூக்கியிருக்கிறது

கட்டிங் மேட் இல்லாமல் வெட்டியதன் விளைவு. ஏ2 மேட் ஒன்று வாங்குங்கள், மேசையைவிட மலிவு. ஃபெவிக்விக் கறைக்கு நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, மறைவான மூலையில் முதலில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். பாலிஷ் போட்ட மரத்தில் அதைத் தொடவே கூடாது, பாலிஷும் சேர்ந்து வந்துவிடும். மைக்கா ஓரம் தூக்கியிருந்தால் உள்ளே தூசியை ஊதி எடுத்து, பசை விட்டு, ஒரு கடப்பாக்கல் துண்டை மேலே வைத்து ஒரு நாள் விடுங்கள். ஓர் அடிக்கு மேல் தூக்கிவிட்டதென்றால் முழு மைக்காவையும் உரித்துப் புதிது ஒட்ட வேண்டும், அது பட்டறை வேலை.

பலகையிலிருந்து மாவு கொட்டுகிறது

குண்டூசித் துளையும் மாவும் என்றால் உளு, மரத்தைத் துளைக்கும் பூச்சி. சுவரிலிருந்து மண் கோடு ஏறி வந்திருந்தால் கரையான். உளுவை மருந்து ஏற்றி நிறுத்தலாம். கரையான் அப்படியல்ல. மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி, வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லுங்கள். மூலம் சுவரிலோ தரையிலோ இருக்கிறது, கரையான் மருந்து அடிப்பவர்தான் வர வேண்டும். பழைய தேக்கு மேசை மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் கவிழ்த்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இடமே போதவில்லை

எல்லாம் சரிசெய்த பிறகும் ஷீட்டை விரித்தால் லேப்டாப் கட்டிலுக்குப் போகிறது என்றால், அப்போதுதான் புது மேசையை யோசிக்க வேண்டும். 2 அடி ஆழம் என்பது 61 செ.மீ. ஏ1 ஷீட் 59.4 செ.மீ. ஷீட் பொருந்தும், முழங்கைக்கும் ஸ்கேலுக்கும் இடமிருக்காது. இரண்டரை அடி ஆழம் வேண்டும். நீளத்துக்கு ஷீட் 84, பக்கத்தில் லேப்டாப் 40, இடையில் பேனா, கத்தி வைக்க ஒரு சாண், ஆக 5 அடி. 8 × 4 அடி பிளைவுட் ஒன்றில் 5 × 2½ வெட்டினால் 5 × 1½ ஒரு துண்டும் 3 × 4 ஒரு துண்டும் மிஞ்சும். பின்பலகையும் மேலே ஒரு தட்டும் அதிலேயே வந்துவிடும். தண்ணீர், வண்ணம் புழங்கும் மேசை என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். மற்றபடி ஐ.எஸ். 303 போதும்.

பட்டறைக்கு வரும்போது இந்த அளவுகளைக் குறித்து வாருங்கள்: உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரம், உங்கள் நாற்காலி உயரம், ஜன்னல் எந்தப் பக்கம், பிளக்பாயின்ட் எங்கே, கதவின் அகலம், மாடிப்படியின் அகலம், படி திரும்பும் இடத்தின் அகலம். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் மேல் அறைக்கு அழகாக ஒரு மேசை செய்து கொண்டுபோய், படி திரும்புகிற இடத்தில் ஏறாமல், மழைத் தூறலில் தெருவிலேயே வைத்துக் காலைக் கழற்றினோம். அன்றிலிருந்து கால் கழற்றி மாட்டும்படி போல்ட் வைத்துத்தான் செய்கிறோம். நீங்கள் வேறு தச்சரிடம் போனாலும் அப்படியே கேளுங்கள், அறை மாறும்போது தோளில் தூக்கிக்கொண்டு போகலாம்.